இடுப்பு வலியும் முதுகு ஊசியும்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய சின்னப் பூங்காவில் மாலை ஆறு மணிக்கு நாங்கள் ஐந்து பெண்கள் கூடுவோம். நடக்கத்தான் வருகிறோம். இரண்டு சுற்று முடிவதற்குள் பெஞ்சு கூப்பிட்டுவிடும். எல்லாருமே ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் என்பதால் பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்காலைத் தொட்டு, இடுப்பைச் சுற்றி, முதுகில் வந்து நிற்கும். "எல்லாம் அந்த ஊசிதான். சின்னவன் பொறந்தப்ப முதுகுல போட்டாங்களே, அன்னிலேருந்து இப்படித்தான்" என்பார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டுவோம், ஒருவரைத் தவிர. அவருக்கு மூன்றும் சுகப்பிரசவம். முதுகில் ஊசியே பட்டதில்லை. முதுகுவலி மட்டும் எங்களுக்குச் சமமாக உண்டு.

முப்பது வருடமாக அந்த ஊசியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். அது செய்த வேலையைப் பற்றி எங்களில் ஒருவர்கூட ஒரு நாளும் பேசியதில்லை. கண் விழித்தபடி படுத்திருந்தோம். டாக்டரும் நர்சும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வயிற்றை அடுக்கடுக்காக அறுத்து ஒரு குழந்தையை வெளியே எடுத்தார்கள். யாரோ உள்ளே கை விட்டுத் துழாவுவதுபோல் இருந்ததே தவிர, வலி இல்லை. வந்த வலியைப் பேரப்பிள்ளைக்கும் சொல்கிறோம். வராத வலி நினைவிலேயே தங்குவதில்லை. அந்த வராத வலிக்கும் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

கஷாயமும் வெந்நீரும்

1928இல் டாக்டர் சௌரி முத்து எங்கள் தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். நல்ல காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும்தான் அன்றைக்குக் காசநோய்க்கு வைத்தியம். பட்டணத்துப் புகை எட்டாத இடம் என்றுதான் தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அன்றைய ஊரைக் கற்பனை செய்துகொள்ளலாம். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்து நுரையீரலுக்குக் காற்று மருந்து என்றால், இடுப்பு வலிக்கு வெந்நீர் மருந்து. பிரசவம் வீட்டில், மருத்துவச்சி கையில். வலி எடுத்ததும் முதலில் சீரகக் கஷாயம் கொடுப்பார்கள். குடித்தபின் அடங்கினால் சூட்டு வலி. அடங்காமல் ஏறினால் பிள்ளை வலி. இடுப்பில் வெந்நீர் ஊற்றுவதும், விளக்கெண்ணெய் தடவி நீவுவதும், உத்திரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பதும், வீட்டுக்குள்ளேயே நடக்க விடுவதும் அடுத்தடுத்து நடக்கும். முதுகுக்குப் பின்னால் ஒருத்தி எப்போதும் உட்கார்ந்திருப்பாள்.

இதையெல்லாம் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வெதுவெதுப்பு, நடமாட்டம், கூடவே ஒரு துணை ஆகிய மூன்றையும் இன்றைய பிரசவ வழிகாட்டி நூல்களும் வலி தணிக்கும் வழிகளாகவே சொல்கின்றன. அந்த அறையில் இல்லாதது வேறு. பிள்ளை குறுக்கே கிடந்தால், தலை இறங்காமல் நின்றுவிட்டால், வெந்நீர் ஊற்றிய கைக்கு அதற்கு மேல் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பேறுகாலத்தை மறுபிறப்பு என்றது வெறும் சொல்லலங்காரம் அல்ல.

1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அலுவலகம் போகிறவர்களுக்கான வண்டி என்றுதான் வரலாறு எழுதுகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளின் கணக்கில் அது எழும்பூருக்குப் போகிற வண்டி. 1844இல் தொடங்கி 1882இல் எழும்பூருக்கு வந்து சேர்ந்த அரசு மகப்பேறு மருத்துவமனை அந்தத் தடத்திலேயே இருந்தது. மருத்துவச்சி கை விட்ட பிரசவத்துக்குப் போக ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் ஒரு புட்டி இருந்தது.

சொட்டுச் சொட்டாக

1846 அக்டோபரில் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்கிற பல் வைத்தியர் ஈதர் ஆவியை முகரவைத்து, வலி தெரியாமல் ஒரு கட்டியை அறுத்தெடுக்க வழி செய்தார். கப்பல் தபால் காலம் அது. அப்படியும் அடுத்த மார்ச்சிலேயே கல்கத்தாவில் ஈதர் கொடுத்து அறுவை நடந்துவிட்டது. 1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபார்மைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்தார். வேதனையோடு பெறுவாய் என்று பைபிளிலேயே சொல்லியிருக்கிறதே என்று அங்கே எதிர்ப்பு எழுந்தது. 1853இல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிள்ளை லியோபோல்டைப் பெறும்போது டாக்டர் ஜான் ஸ்னோவை வரவழைத்துக் குளோரோஃபார்ம் முகர்ந்துகொண்டார். அதன்பின் எதிர்ப்பின் சுருதி இறங்கியது. அந்த ராணியின் பெயரில்தான் 1885இல், மேரி ஷார்லீப் என்கிற பெண் மருத்துவரின் முயற்சியால், சென்னையில், திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை தொடங்கியது. இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால்தான் சட்டென்று புரியும்.

நம் ஊர் வெயிலுக்கு ஈதர் சீக்கிரம் ஆவியாகிவிடும். விளக்கு பக்கத்தில் இருந்தால் பற்றிக்கொள்ளும். குளோரோஃபார்ம் பற்றாது, சில சொட்டே போதும். ஆகவே அதுதான் இங்கே வேரூன்றியது. பழைய சினிமா வில்லன் கைக்குட்டையில் நனைத்து மூக்கில் அழுத்தினால் கதாநாயகி கண்ணிமைப்பதற்குள் சாய்வாளே, அதே குளோரோஃபார்ம். உண்மையில் ஆள் மயங்கச் சில நிமிடங்கள் முகர்ந்தாக வேண்டும். அந்தச் சில நிமிடங்களில்தான் ஆபத்தும் இருந்தது. நல்ல உடம்புக்காரர்கள்கூட மேசையிலேயே திடீரென்று போய்விடுவார்கள்.

ஏன் போகிறார்கள் என்று தேட, ஹைதராபாத்தில் நிஜாமின் பணத்தில் 1888இலும் 1889இலும் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்கள் அமைந்தன. எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் நடத்தினார். நூற்றுக்கணக்கான விலங்குகள்மேல் சோதனை நடந்தது. மூச்சு நிற்பதால்தான் சாவு, இதயத்தால் அல்ல, மூச்சைக் கவனித்தால் போதும் என்று தீர்ப்பு வந்தது. 1911இல் அது தவறென்று தெரிந்தது: மயக்கம் முழுதாக ஏறாத நிலையில் குளோரோஃபார்ம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். தீர்ப்பு தப்பினாலும் ஹைதராபாத் ஒரு பழக்கத்தை விட்டுச்சென்றது: மருந்து கொடுப்பவர் கத்தியைப் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும். அங்கே பயின்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜியை உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள்.

ஈதர் வாசனை

1968இல் என் தம்பியை ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டால் இரண்டே விஷயம் சொல்வாள். ஒன்று வாசனை. இனிப்பும் குமட்டலும் கலந்த ஒரு நெடி. எந்தக் கடையில் அதன் சாயல் அடித்தாலும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். இன்னொன்று எண்ணிக்கை. "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணச் சொன்னாங்க. பதினேழு வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு."

கம்பியால் செய்த கூடு போன்ற ஒரு முகமூடி. அதன்மேல் பல மடிப்பு காஸ் துணி. அதில் புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஈதர். ஓபன் ஈதர் என்பார்கள். குளோரோஃபார்மின் ஆபத்து தெரிந்தபின் ஈதர் மறுபடி வந்து, இந்தியாவின் சின்ன மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் சட்டென்று கவிழ்த்துவிடாது. தனிப் படிப்புப் படித்தவர் இல்லாத இடத்தில், பக்கத்தில் இருந்த டாக்டரோ பழகிய நர்சோகூடச் சொட்டு விடுவார்கள். விலை பின்னால் கொடுக்க வேண்டியிருந்தது. தெளிய மணிக்கணக்காகும். தெளிந்ததும் வாந்தி. தீப்பிடிக்கும் என்பதால் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவியைப் பக்கத்தில் வைக்க முடியாது.

அம்மாவுக்கு மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அதை அவளாகச் சொல்ல மாட்டாள். தம்பி அழுத முதல் அழுகையை அவள் கேட்கவில்லை. சாயந்திரம் கண் விழித்தபோது, பக்கத்துக் கட்டில்காரி சொல்லித்தான் ஆண் பிள்ளை என்று தெரிந்ததாம். அன்றைய மயக்கம் அம்மாவோடு நிற்காது. நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். மந்தமாக, மூச்சுக்கு யோசித்துக்கொண்டு பிறக்கும் குழந்தைகளைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கும். அந்தக் குழந்தைகளை உற்றுப் பார்த்தவர் நியூயார்க்கின் வர்ஜீனியா ஆப்கார். பிரசவ டாக்டர் அல்ல, குழந்தை டாக்டரும் அல்ல, மயக்க மருத்துவர். நிறம், நாடி, முகச்சுளிப்பு, அசைவு, மூச்சு என்று ஐந்துக்குத் தலா இரண்டு மதிப்பெண் வைத்து அவர் வகுத்த கணக்கு 1953இல் வெளியானது. தாம்பரத்தில் பிறக்கும் பிள்ளையின் டிஸ்சார்ஜ் தாளிலும் இன்று ஆப்கார் மதிப்பெண் இருக்கிறது. வாழ்க்கையின் முதல் தேர்வு வினாத்தாளை ஒரு மயக்க மருத்துவர் தயாரித்தார் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது.

தலையணை இல்லாத ஒரு நாள்

என் முறை 1991இல் வந்தது. அதற்குள் ஈதர் ஒதுங்கி, முதுகு ஊசி வந்துவிட்டிருந்தது. இறாலைப்போல் சுருண்டு படுக்கச் சொன்னார்கள். நிறைமாத வயிற்றோடு சுருள்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு நர்ஸ் கழுத்தையும் முழங்காலையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். இரண்டு இடுப்பெலும்பின் உச்சியையும் இணைத்து ஒரு கோடு இழுத்தால் அது முதுகெலும்பை வெட்டும் இடத்துக்கு அருகே ஓர் இடுக்கு. அங்கே ஒரு குத்து. பாதத்தில் சூடு ஏறியது, கால் மரத்தது. ஸ்பிரிட் பஞ்சை வயிற்றில் வைத்து, "ஜில்லுனு இருக்கா?" என்று கேட்டார் டாக்டர். இல்லை என்றேன். "காலைத் தூக்குங்க" என்றார். என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

இந்த ஊசியின் தொடக்கம் 1898. ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், தண்டுவட நீரில் கொக்கெயின் செலுத்தினால் இடுப்புக்குக் கீழ் மரத்துவிடும் என்று கண்டார். தன்மேலேயே சோதிக்க முயன்றபோது ஊசிக்கும் பீச்சுக்குழலுக்கும் பொருத்தம் தப்பி, நீர்தான் ஒழுகியது. பிறகு உதவியாளர் ஹில்டபிராண்டுக்கு அவர் போட்டார். அவருடைய முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் தட்டியும் வலிக்கவில்லை. அன்றிரவு இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். மறுநாளிலிருந்து பியருக்கு எழுந்து உட்கார்ந்தாலே தலை வெடித்தது, படுத்தால் சரியானது. ஒன்பது நாள் அப்படியே போயிற்று. மரப்பும் தலைவலியும் ஆக இரண்டையும் ஒரே வாரத்தில் அவர் உலகுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தலைவலிக்குப் பயந்துதான் எனக்கு 24 மணி நேரம் தலையணை மறுக்கப்பட்டது. மாமியார் கட்டிலோரம் காவல் இருந்தார். தலையை ஒரு விரல் தூக்கினாலும், "படு, படு, ஆயுசுக்கும் தலைவலி வந்துடும்" என்பார். படுத்தவாக்கில் பால் கொடுக்க நானும் பிள்ளையும் பட்ட பாடு தனிக்கதை. பின்னால் நடந்த ஆய்வுகள், படுக்கவைப்பதால் அந்தத் தலைவலியைத் தடுக்க முடியாது என்று காட்டின. ஊசி போட்ட ஓட்டை வழியே தண்டுவட நீர் கசிவதுதான் காரணம். ஓட்டை சிறிதானால் கசிவும் குறையும். அப்போது தடித்த ஊசி. இப்போது 25, 27 என்று எண் கூடக்கூட மெலிகிற ஊசிகள். நுனியும் கத்திபோல் வெட்டாமல் பென்சில் முனைபோல் இழைகளை விலக்கிக்கொண்டு போகிறது. பியரின் தலைவலியை விரட்டியது தலையணைத் தடை அல்ல, ஊசிக் கொல்லனின் கைத்திறன்.

மருந்தும் மாறியது. கொக்கெயின் போய் லிக்னோகெயின் வந்தது. இன்று பெரும்பாலும் பியூபிவகெயின். தண்டுவட நீரைவிடக் கனமாக இருக்க அதில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். கனமானது பள்ளம் பார்த்து ஓடும் என்பதால், மேசையைச் சாய்த்தே மரப்பு எவ்வளவு உயரம் ஏறலாம் என்று தீர்மானிக்கலாம். என் அம்மா கேட்காத முதல் அழுகையை நான் கேட்டதற்குக் காரணம் இந்தச் சர்க்கரைத் தண்ணீர் வித்தைதான்.

பெஞ்சுத் தோழிகளின் குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். குத்திய இடம் சில நாள் வலிக்கும், உண்மை. வருடக்கணக்கான முதுகுவலியில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டு நார்கள், முன்னால் சாய்ந்த பாரம், குனிந்தபடி பால் கொடுத்த மாதங்கள், தூக்கிச் சுமந்த பிள்ளை, தண்ணீர்க் குடம் என்று சந்தேகப்பட வேண்டியவை வரிசையாக நிற்கின்றன. ஊசி நினைவில் நிற்கிறது, குடம் நிற்பதில்லை. மூன்று சுகப்பிரசவக்காரியின் முதுகே அதற்குச் சாட்சி.

தலைமாட்டில் நிற்பவர்

அறுத்த டாக்டர் பெயர் எல்லாருக்கும் தெரியும். மயக்கம் கொடுத்தவர் பெயரைச் சொல்லச் சொன்னால் ஊசி போட்டுக்கொண்ட எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரியாது. "மயக்க மருந்து டாக்டர் வந்துட்டாரா?" என்று காத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் பிரசவ டாக்டர் உள்ளேயே குடியிருப்பார். மயக்க மருத்துவர் வெளியிலிருந்து வருவார். ஒரு பையில் குழாய்களும் மருந்துமாக, ஒரே நாளில் நாலு இடம். ஜிஎஸ்டி சாலை நெரிசலிலோ ரயில்வே கேட்டிலோ அவர் நின்றுவிட்டால் இங்கே கத்தியும் நிற்கும். அரசு பக்கத்தில் இந்தத் தட்டுப்பாட்டுக்கு இரண்டு வழிகள் தேடினார்கள். இரவு பகலாகச் சிசேரியன் செய்ய வசதியுள்ள சீமாங் மையங்கள் ஒன்று. எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரப் பயிற்சி கொடுத்து அவசரப் பிரசவ அறுவைக்கு மயக்கம் கொடுக்க வைக்கும் தேசியத் திட்டம் இன்னொன்று. பிள்ளை பிறப்பில் உயிர் போவது குறைந்ததற்குக் காரணம் தேடுகிறவர்கள் ரத்த வங்கியையும் 108 வண்டியையும் சொல்வார்கள். கத்தி வைக்கும் தைரியத்தைக் கொடுத்த இந்தத் தலைமாட்டு ஆளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறுவை மேசையின் கால்மாட்டில் நடப்பது சிகிச்சை என்றால், தலைமாட்டில் நடப்பது காவல்.

அந்தக் காவலும் மாறிவிட்டது. அன்று நாடியில் ஒரு விரல். நகக்கண்ணும் உதடும் நீலம் பாய்கிறதா என்று ஒரு பார்வை. நீலம் கண்ணுக்குத் தெரிவதற்குள் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்திருக்கும். 1974இல் ஜப்பானின் தக்குவோ அவோயாகி, உடம்பின் வழியே ஒளியைப் பாய்ச்சி ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் வழியைக் கண்டார். இன்று எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் கேட்கும் 'பீப்' ஒலி அதுதான். ஆக்சிஜன் இறங்கினால் ஒலியின் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே மருத்துவர் திரும்பிப் பார்ப்பார். 2020, 2021இல் கொரோனா நாட்களில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிக்கொண்டோமே, அதே கிளிப். தியேட்டர் தலைமாட்டிலிருந்து இறங்கி நம் மேஜை டிராயருக்குள் வந்துவிட்டது.

ஆக, கத்தி வலியை ஜெயித்தாயிற்று. குடலிறக்கத்துக்குப் போகிற முதியவருக்கும், கை முறிந்து வருகிற டெலிவரி பையனுக்கும், அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும், மரக்க வைக்காமல் கத்தி வைப்பார்கள் என்ற பயம் இல்லை. கையை மட்டும், காலை மட்டும் மரக்க வைக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முந்திய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்ற விதியும் தளர்ந்து, இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று ஆகியிருக்கிறது.

இத்தனை மாறிய ஊரில் அதிகம் மாறாத அறை ஒன்று இருக்கிறது.

பத்து நிமிடத்துக்கு எத்தனை வலி?

லேபர் வார்டில் 'வலி' என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. "வலி நல்லா வருதா?" என்று நர்ஸ் கேட்டால் அது விசாரிப்பு அல்ல, அளவெடுப்பு. பத்து நிமிடத்துக்கு எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்று எண்ணி வரைபடத்தில் குறிப்பார்கள். வலி போதவில்லை என்றால் டிரிப் ஏற்றி வலியை வரவழைப்பார்கள். எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை.

தணிக்க ஒன்றுமே இல்லாமல் இருந்ததில்லை. 1940களிலிருந்து பெத்திடின் ஊசி உலகெங்கும் பிரசவ அறைகளில் புழங்கியது. வலியை ஓரளவு மழுக்கும், அம்மாவைத் தூங்கித் தூங்கி விழவைக்கும், பிள்ளையின் மூச்சையும் கொஞ்சம் மந்தமாக்கும். 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தபின் இந்த வகை மருந்தை வாங்கி வைக்க உரிமம், பதிவேடு, கணக்கு என்று கெடுபிடி கூடியது. 2014இல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். அதற்குள் பல இடங்களில் கை அந்த அலமாரிக்குப் போகும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. கத்துகிற பெண்ணை அடக்க மருந்தைவிட மலிவாக ஒன்று கையில் இருந்தது: வசவு. பெற்ற பெண்கள் பலரும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டிருக்கிறோம். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. வெந்நீர் ஊற்றிய காலத்தில்கூட முதுகுக்குப் பின்னால் ஒருத்தி இருந்தாள்; ஆஸ்பத்திரி வந்ததும் அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். 2016இல்தான் மத்திய அரசு, பிரசவ அறையில் பெண் உறவினர் ஒருவரை உடன் இருக்க விடலாம் என்றது.

முறையான வழி எபிடியூரல். எனக்குப் போட்ட அதே முதுகு, அதே இடுக்கு, அநேகமாக அதே மருந்து. ஊசி மட்டும் ஓர் உறை முன்னதாக நின்றுவிடும். அதன் வழியாக நூல்போன்ற குழாயை விட்டுவிட்டு ஊசியை உருவிவிடுவார்கள். பிள்ளை பிறக்கும்வரை குழாய் வழியே வேண்டியபோது மருந்து ஏற்றலாம். முன்பு மருந்து செறிவாக இருந்தது, கால் விழுந்துவிடும், முக்கத் தெரியாது, ஆயுதம் போட்டு எடுக்க வேண்டிவந்தது. இப்போது மிக நீர்த்த மருந்தோடு ஃபென்டானில் என்ற வலிநீக்கியைத் துளி சேர்க்கிறார்கள். கால் அசையும், வலி மட்டும் அமுங்கும். எபிடியூரல் போட்டால் சிசேரியனில்தான் முடியும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று 2018இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது. ரத்த அழுத்தம் இறங்குவது, நடுக்கம், அரிதாக அந்தப் பழைய தலைவலி என்று தொல்லைகளும் உண்டு. அதனால்தான் பக்கத்தில் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் சிக்கல். சிசேரியனுக்கு மயக்க மருத்துவர் ஒரு மணி நேரம் நின்றால் போதும். எபிடியூரலுக்கு ஆறு மணியோ பத்து மணியோ வந்து வந்து பார்க்க வேண்டும். நாலு நர்சிங் ஹோமுக்கு ஓடுகிறவரால் அது ஆகாது. ஆகவே பெரிய மருத்துவமனைகளில் 'வலியில்லாப் பிரசவம்' என்று விளம்பரப் பலகையில் தொங்குகிறது. தெருமுனை நர்சிங் ஹோமிலும் நெரிசல் மிகுந்த அரசு வார்டிலும் "தாங்கிக்கம்மா" தொடர்கிறது.

தாங்க முடியாதவள் என்ன செய்வாள்? "ஆபரேஷனே பண்ணிடுங்க" என்கிறாள். கூட வந்த அம்மாவே சொல்வதும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் மட்டும் எடுத்தால் 63.8. அதற்கு முந்திய 2015–16 கணக்கில் மாநில அளவு 34.1. இந்த ஏற்றத்துக்குப் பல காரணங்கள்: பணம், வழக்குப் பயம், நல்ல நேரம் பார்ப்பது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முதல் சிசேரியன் இழுத்துவரும் இரண்டாவது. அவற்றோடு வலிப்பயமும் வரிசையில் நிற்கிறது. முதுகில் அந்த ஊசி வேண்டுமென்றால் நம் ஊர்ப் பெண்ணுக்கு நிச்சயமான வழி வயிற்றைக் கிழித்துக்கொள்வதுதான் என்று ஆகிவிட்டது. ஒரு மணி நேரக் கத்திக்கு மருந்து உரிமை. பத்து மணி நேரப் பிள்ளை வலிக்கு அதே மருந்து ஆடம்பரம்.

2023இல் என் மருமகள், "அத்தை, நான் எபிடியூரல் கேட்டிருக்கேன்" என்றாள். இவ்வளவு தெரிந்த என் வாயிலிருந்து முதலில் வந்தது, "முதுகுவலி வருமே!" அவள் சிரித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினாள், எனக்கு முன்பே படித்து வைத்திருந்தாள். பிரசவத்தன்று ஊசி போட்டபின் ஒரு தூக்கம் தூங்கினாள். எழுப்பி முக்கச் சொன்னபோது அழுத்தம் தெரிந்தது, வலி மங்கலாகத்தான் இருந்தது என்றாள். பில்லில் அதற்குத் தனி வரி இருந்தது.

பெஞ்சில் சொன்னேன். "வலி இல்லாம பெத்தா புள்ளை மேல பாசம் எப்படி வரும்?" என்றார் ஒருவர். முதுகு ஊசியை நித்தம் திட்டும் அக்காவே அதற்குப் பதில் சொன்னார்: "நமக்கும் மரக்க வச்சுத்தானேடி எடுத்தாங்க. உனக்குப் பாசம் குறைஞ்சு போச்சா?"

அந்தப் பிரசவத் தாளைப் பற்றியும் சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் அதைப் புதிதாக வரைந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு எத்தனை வலி என்ற பழைய கட்டம் அப்படியே இருக்கிறது. புதிதாக ஒரு வரி: வலி நிவாரணம். அதில் மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்: கொடுக்கப்பட்டது, கொடுக்கவில்லை, வேண்டாம் என்றார். மூன்றாவதை எழுத வேண்டுமானால் முதலில் அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று சுகப்பிரசவக்காரி அதுவரை பேசவில்லை. எழுந்து, இடுப்பில் கை ஊன்றி முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"என்னைக் கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "யாரும் கேக்கலையே."